பக்கத்து வீட்டு பாட்டியோட வேர்

மார்ச் 3, ஞாயிறு
பக்கத்து வீட்டு கருப்பின பாட்டிக்கு 84 வயசு, பொறந்து வளந்தது நார்த் கரோலினா ஹாலிஃபேக்ஸ் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி). "உனக்குதான் கம்ப்யூட்டர் தெரியுமே, எங்க ஆளுங்களைத் தேடிக் குடுப்பா"ன்னாங்க. அமெரிக்க சென்சஸ்ல ஆள் விவரத்தை 72 வருஷம் பூட்டி வெச்சிருப்பாங்க, அதனால 1950 வரைக்கும்தான் பாக்க முடியும். அதுல பாட்டியே இருந்தாங்க, 10 வயசுப் புள்ளயா!! ஒரே சிரிப்பு.

மார்ச் 9, சனி
1900 சென்சஸ் கண்டுபிடிக்கவே ரெண்டு ராத்திரி போச்சு, குடும்பப் பேரை கணக்கெடுத்தவர் காதுல விழுந்தபடி எழுதியிருக்கார், அதை டைப் பண்ணவங்க வேற மாதிரி படிச்சிருக்காங்க, கடைசில பேரை விட்டுட்டு கவுண்டி, வயசு வெச்சு பக்கம் பக்கமா பாத்தேன். கிடைச்சது பாட்டியோட கொள்ளுப்பாட்டி. அந்த வருஷ ஃபார்ம்ல எத்தனை பெத்தீங்க, எத்தனை உயிரோட இருக்குன்னு கேட்டிருக்காங்க. பெத்தது 11, இருக்கிறது 6. பாட்டிக்கு அந்த 6 பேரை மட்டும்தான் தெரியும். மத்த 5 பேரைப் பத்தி யாரும் வாயே திறக்கலையாம். அப்புறம் டீ போடறேன்னு உள்ள போனவங்க வர ரொம்ப நேரமாச்சு.

மார்ச் 12, செவ்வாய்
1890 சென்சஸ் இல்ல. 1921ல வாஷிங்டன்ல தீப்பிடிச்சதுல பெரும்பகுதி பாழாச்சு, மிச்சத்தையும் அப்புறம் அழிச்சுட்டாங்க. நேரா 1880க்கு தாவணும். கொள்ளுப்பாட்டியோட அப்பாவுக்கு 1870ல 30 வயசு, 1880ல 45! வயசை யார் எண்ணி வெச்சா, கேட்டப்போ வாயில வந்ததைச் சொல்லியிருப்பாங்க.

மார்ச் 17, ஞாயிறு
1870தான் சுவர். அடிமையா இருந்தவங்க எல்லாரும் பேரோட வர்ற முதல் சென்சஸ் அது. 1860க்குப் போனா அடிமைங்களுக்குத் தனி லிஸ்ட், முதலாளி பேர் மட்டும் இருக்கும், கீழ வயசு, ஆணா பெண்ணா, நிறம், அவ்ளோதான். 20 வயசு ஆண்னு வரிசையா எத்தனை பேர், இதுல நம்மாளு யாரு? நமக்கு இருக்கிற மாதிரி ஒரு இனிஷியல் இருந்திருந்தாகூட அப்பா பேரோட முதல் எழுத்தாவது கைக்கு வந்திருக்கும்.

இனிமே 1870 பக்கத்துல அவர் வீட்டைச் சுத்தி இருந்த பெரிய நிலக்காரங்க யாருன்னு பாத்து, அவங்க உயில், சொத்துப் பத்திரம் தேடணும், அதுல சில சமயம் அடிமைங்க பேரும் இருக்கும். 1866ல அடிமைத்தனத்துல சேந்து வாழ்ந்த ஜோடிங்க கவுண்டில போய் கல்யாணத்தைப் பதிவு பண்ணணும்னு நார்த் கரோலினால சட்டம் வந்துச்சு, அந்தப் பதிவும் பாக்கணும். பாட்டி நேர்லயே போயிடலாம்ங்கறாங்க, வர்ற வெள்ளிக்கு லீவு கேக்கணும்.