ஒன்றரை விரல் கதை

இரண்டு வாரமாக இடது கை சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துப்போகின்றன. பாதி என்றால் சரியாகப் பாதி, சுண்டுவிரலை ஒட்டிய பக்கம் மட்டும், கோடு போட்டுப் பிரித்ததுபோல. இடது கை என்பதால் முதலில் நெஞ்சை நினைத்துத்தான் பயந்தேன்.

மருத்துவர் விரலைக் கொஞ்சம்தான் பார்த்தார். முழங்கையின் உட்பக்கம் லேசாகத் தட்டினார். சுர்ரென்று விரல் நுனிவரை ஓடியது! அங்கே எலும்பை ஒட்டிப் போகிற அல்நார் நரம்புதான் இந்த ஒன்றரை விரலுக்கும் பொறுப்பாம். மேசையில் முழங்கையை ஊன்றி, மணிக்கணக்கில் போனைக் காதில் வைத்து, இரவிலும் கையை மடக்கித் தூங்கி அதை நசுக்கியது சாட்சாத் நான்தான்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து, நடு இரவில் கையை உதறிக்கொண்டு எழுந்தால் கதை வேறு. அது பெரும்பாலும் மணிக்கட்டில் மீடியன் நரம்பு நெரிபடும் கார்பல் டனல். கழுத்தில் நரம்பு அழுந்தினாலும் விரலில் தெரியலாம். சர்க்கரை, தைராய்டு, பி12 குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனையும் எழுதித் தந்தார். விரல் மடங்கியபடி சிக்கிக்கொண்டு, அப்புறம் டக்கென்று நிமிர்ந்தால் அது நரம்புக் கோளாறே இல்லை, தசைநார் பிரச்சினை.

திடீரென ஒரு பக்கக் கை மரத்து, வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ மட்டும் இப்படிப் பதிவெல்லாம் படித்துக்கொண்டிருக்காதீர்கள். பக்கவாதமாக இருக்கலாம், உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

நான் இப்போது முழங்கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தூங்குகிறேன், மடங்காமல் இருக்க.