5 ரூபாய் ரயிலில் ஓர் அலையாத்திக் காடு

சென்னை கொருக்குப்பேட்டையிலிருந்து எண்ணூருக்கு ரயிலில் 5 ரூபாய். ஸ்டேஷனிலிருந்து முகத்துவாரத்துக்கு ஆட்டோவில் 250! மூன்று கிலோமீட்டர் இருந்தால் அதிகம். தோளில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்ததும் ரேட் ஏறிவிட்டது. "ரிட்டர்ன் சவாரி கெடைக்காது சார்" என்றார். நான் இறங்கியதுமே மீன் கூடைகளோடு இரண்டு அக்காக்கள் ஏறினார்கள். வயிறு எரிந்தது.

போட்டுக்கு 600. அதை மனதாரக் கொடுத்தேன். கொசஸ்தலையாறு கடலைத் தொடும் இடம். ஒரு பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், அதன் காலடியில் அலையாத்திக் காடு. சேற்றிலிருந்து பென்சில் முனைகள் போல ஆயிரக்கணக்கில் வேர்கள் மேல் நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் இவை வழியாகத்தான் மூச்சு விடுகிறது. இலையைத் திருப்பி நாக்கில் வைத்துப் பார்த்தேன். அப்பளம் மாதிரி உப்பு! வேரில் ஏறும் உப்பை இலை வழியே வெளியே தள்ளிவிடுமாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் இந்த அடிமரங்களைத்தான் கறுப்பாக்கியது. பிச்சாவரத்துக்குச் செலவு செய்து போகும் நம் ஆட்கள் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

தேடி வந்த பூநாரை? ஒன்றுகூட இல்லை. நெடுங்கால் உள்ளான்கள் மட்டும் சிவப்புக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தன.

திட்டு ஒன்றில் இறங்கப் போனேன். "செருப்பக் கழட்டாத தம்பி, கிழிச்சுடும்" என்றார் போட்டுக்காரர்.

"இன்னாண்ணா இது?"

"காக்கா ஆழி."

கறுப்பாக, கட்டைவிரல் அளவு சிப்பிகள். ஒன்றைப் பிடுங்கினால் நார் நாராகப் பின்னிக்கொண்டு பத்து வருகிறது. பூர்வீகம் தென் அமெரிக்கா. கப்பல்கள் எடைக்காக ஏற்றிவரும் தண்ணீரில் வந்திருக்கலாம் என்கிறார்கள். ஆற்றுப் படுகையில் பாய் விரித்த மாதிரி மூடிவிட்டதால் இறாலுக்குப் புதையச் சேறு இல்லை, மட்டிக்கும் இடமில்லை. கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்த பறியில் (ஓலைக் கூடை) போடுகிறவர்களுக்கு விரலெல்லாம் வெட்டு.

எப்படிப் போவது, எப்போது போவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், சிப்பி இழுத்துக்கொண்டு போய்விட்டது. டிசம்பர், ஜனவரியில் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள், அவ்வளவுதான்.

மதியம் கரையோரக் கடையில் சோறும் இறால் தொக்கும், 120 ரூபாய். பூண்டு தூக்கலாக, எண்ணெய் மிதக்க, இரண்டு முறை சோறு வாங்கினேன்.

"ஆத்து எறாவாக்கா?"

"ஆத்துல ஏதுப்பா எறா? காலைல காசிமேடு ஹார்பர்ல வாங்கியாந்தது."