புர்கோஸ் நாட்கள்

அக்டோபர் 7
இந்த ஸ்பெயின் ஊர் ஆஸ்பத்திரியில் மாலை 5 மணி வரை உள்ளே விடமாட்டார்கள். "அறையில் அடைந்து கிடக்காதே, போய் ஊரைப் பார்" என்று என் வீட்டுக்காரர்தான் விரட்டினார். அர்லான்சோன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, சாந்தா மரியா வளைவுக்குள் நுழைந்தால் எதிரே பேராலயம். 1221இல் தொடங்கிய கட்டடம். உள்ளே உயரத்தில் பாபாமொஸ்காஸ் என்றொரு கடிகாரப் பொம்மை, மணியடிக்கும்போதெல்லாம் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. குழந்தைகள் கைதட்டின. எனக்கு மணி 12 ஆனது மட்டும்தான் மனதில் பதிந்தது. இன்னும் 5 மணி நேரம்.

அக்டோபர் 8
ரிசல்ட் வரவில்லை.

அக்டோபர் 9
மறுபடி பேராலயம். நடுக்கோபுரம் 1539இல் இடிந்து விழுந்திருக்கிறது. திரும்பக் கட்டி முடிக்க 1568 ஆகிவிட்டது. அண்ணாந்து பார்த்தால் கல்லைக் குடைந்து செய்த நட்சத்திரம், இடுக்கெல்லாம் வெளிச்சம். இடிந்ததைத்தான் இவ்வளவு அழகாக எழுப்பியிருக்கிறார்கள். வெகுநேரம் அங்கேயே நின்றேன். அப்புறம்தான் காலடியைக் கவனித்தேன். சிவந்த கல்லின் கீழே பழைய ஸ்பானியப் போர்வீரர் எல் சித், கூடவே மனைவி ஹிமேனா. இருவர் பெயரும் ஒரே கல்லில். சட்டென்று விலகி நின்றேன்.

இரவு அவருக்குக் காய்ச்சல் இல்லை.

அக்டோபர் 10
லாஸ் உவெல்காஸ் கன்னிமடம். அல்ஃபோன்சோ மன்னரும் ராணி எலினோரும் 1187இல் நிறுவியது. இருவர் கல்லறையும் பக்கத்தில் பக்கத்தில். மன்னர் 1214 அக்டோபரில் இறந்தார், அந்த மாதம் முடிவதற்குள் ராணியும் போய்விட்டாள். அக்டோபர்! இதை இன்று ஏன் கேட்டேன்?

துணி அருங்காட்சியகத்தில் மனம் கொஞ்சம் ஆறியது. இளவரசர் ஃபெர்னாந்தோ தே லா செர்தா 1275இல் இறந்தவர். பின்னாளில் பிரெஞ்சுப் படைவீரர் மற்ற கல்லறைகளைக் கொள்ளையடித்தபோது இவருடையது மட்டும் தப்பியது. கோட்டையும் சிங்கமும் மாறி மாறி வரும் அவருடைய தொப்பி அப்படியே இருக்கிறது. யாரோ உட்கார்ந்து அளவெடுத்துத் தைத்த தொப்பி.

அவர் இட்லி கேட்டார். எங்கே போவேன்.

அக்டோபர் 12
தேசிய விடுமுறை. லேபும் மூடியிருக்குமோ? காசா தெல் கோர்தோன் என்ற பழைய மாளிகையின் வாசலில், கல்லில் செதுக்கிய கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பயணம் முடித்து வந்த கொலம்பஸை 1497இல் மன்னரும் ராணியும் வரவேற்றது இங்கேதான். 1506இல் அவர்கள் மகள் ஹுவானாவின் கணவர் ஃபிலிப் இறந்ததும் இங்கேதான். 28 வயது. இந்த ஊரில் எங்கே திரும்பினாலும் எனக்கு மனைவிகள்தான் தென்படுகிறார்கள்.

அக்டோபர் 13
மிராஃப்ளோரெஸ் மடத்துக்குப் போகவில்லை. அங்கேயும் ராஜாவும் ராணியும் அருகருகே படுத்திருக்கிறார்களாம். வேண்டாம்.

நர்ஸிடம் கேட்டேன், இந்த ஊர் வெள்ளைச் சீஸ் கொடுக்கலாமாம். அரைக் கிண்ணம் சாப்பிட்டார்.

அக்டோபர் 14
டாக்டர் 12 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். எதற்கு என்று சொல்லவில்லை. நீல ஃபைலை எடுத்துக்கொள்ள வேண்டும், பழைய ஸ்கேனும் அதில்தான் இருக்கிறது.