சிரிக்கச் சொல்லாமல் எடுக்கும் படங்கள்

குழந்தையை நோக்கிக் கேமராவைத் தூக்கியதும் பெரியவர்கள் முதலில் சொல்வது ‘சிரி’ என்பதைத்தான். குழந்தையும் சொன்னபடி பல்லைக் காட்டுகிறது. கண் மட்டும் சிரிப்பதில்லை. மகிழ்ந்து சிரிக்கும்போது உதட்டோரத் தசையோடு கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்குகிறது என்றும், அது நம் விருப்பத்துக்குக் கட்டுப்படுவதில்லை என்றும் 1862ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் துஷென் எழுதியிருக்கிறார். ஏவிச் சிரிக்க வைத்த படங்கள் ஏன் ஒன்றுபோலவே இருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. குழந்தையின் இயல்பான முகம் வேண்டுமென்றால், அதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும். நமக்குப் பொறுமை இருக்க வேண்டும்.

தன் சட்டைப் பொத்தானைத் தானே போட முயலும் மூன்று வயதுக் குழந்தையைப் பாருங்கள். மோவாய் நெஞ்சில் பதிந்திருக்கும். நாக்கின் நுனி உதட்டோரத்தில் எட்டிப் பார்க்கும். ஒரு விரல் துளையைத் தேடும்போது மற்றொரு விரல் பொத்தானை நழுவ விட்டுவிடும். பொத்தான் உள்ளே நுழைந்த கணத்தில் புருவம் விரிந்து, யாராவது கவனித்தார்களா என்று தலை நிமிரும். நான் காத்திருப்பது அந்த நிமிர்வுக்காகத்தான். பாதியில் ‘இங்கே பார்’ என்று கூப்பிட்டால் பொத்தானும் போய்விடும், முகமும் போய்விடும்.

கணம் வந்த பிறகு கேமராவைச் சரிசெய்ய நேரம் இருக்காது என்பதால், எல்லாவற்றையும் முன்கூட்டியே அமைத்துக்கொள்வது நல்லது. உட்கார்ந்து விளையாடும் குழந்தைக்கு, ஒளியை உள்ளே விடும் நேரமான ஷட்டர் வேகம் நொடியில் 250இல் ஒரு பங்கு பெரும்பாலும் போதும். ஓடும் குழந்தைக்கு 500இல் ஒரு பங்காவது வேண்டும், குதிக்கும் குழந்தைக்கு 1000இல் ஒரு பங்கு. அறைக்குள் இந்த வேகம் வேண்டுமென்றால், கேமராவின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண் 1600, 3200 என்று ஏறத்தான் செய்யும். ஏறட்டும். அதனால் படத்தில் புள்ளிகள் தெரிவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அசைவில் மங்கலாகிப்போன கண்ணைப் பின்னால் எதுவும் சரிசெய்யாது. ஃபோகஸை, நகரும் குழந்தையை விடாமல் பின்தொடரும் தொடர் முறையில் வைத்து, கண்ணைக் கண்டறியும் வசதி இருந்தால் அதையும் இயக்கிவிடுங்கள். லென்ஸின் ஒளித் திறப்பான அபர்ச்சரை எஃப் 1.8 வரை திறந்து வைத்தால் நெருக்கத்தில் ஒரு கண் துல்லியமாகவும் மறு கண் மங்கலாகவும் விழக்கூடும் என்பதால், நான் 2.8 முதல் 4 வரையிலேயே நிற்கிறேன்.

கைபேசியில் எடுப்பவர்கள் வெளிச்சத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். மங்கிய அறையில் கைபேசி ஷட்டரை மெதுவாக்கும், பல படங்களை இணைத்து ஒன்றாக்கவும் செய்யும். அதற்குள் குழந்தையின் கை நகர்ந்துவிடும். விளையாட்டுச் சாமான்களைச் சன்னலோரம் மாற்றி வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும், ஏனென்றால் சாமான்கள் இருக்கும் இடத்துக்குக் குழந்தை தானே வந்துவிடும். ஃபிளாஷ் வேண்டாம், ஒருமுறை கண் கூசிய பிறகு குழந்தையின் கவனம் முழுவதும் கேமரா மேல்தான் இருக்கும். மிக அருகில் போனால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் விழும் என்பதால், சற்றுப் பின்வாங்கி, இரு மடங்கு நெருக்கிக் காட்டும் லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம்.

எந்தக் கருவியானாலும் தரையில் உட்கார வேண்டும், தேவைப்பட்டால் படுக்கவும் வேண்டும். நின்றபடி எடுத்தால் உச்சந்தலையும் குறுகிய கால்களுமே கிடைக்கும். குழந்தையின் கண் மட்டத்துக்கு இறங்கிவிட்டால் மேசை ஓங்கி உயர்ந்து நிற்கிறது, கதவு கோட்டைக் கதவாகிறது, குழந்தை வாழும் உலகின் அளவே படத்துக்குள் வந்துவிடுகிறது.

1930களின் இறுதியிலிருந்து நியூயார்க் தெருக்களில் விளையாடும் சிறுவர்களைப் படமெடுத்த ஹெலன் லெவிட், கேமரா ஒரு திசையைப் பார்க்க, தாம் வேறு திசையைப் பார்ப்பதுபோல் தோன்றச் செய்யும் செங்கோண வ்யூஃபைண்டரைப் பயன்படுத்தினார். அந்தப் படங்களை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் நம் வீட்டுக் குழந்தைகளிடம் ஒளிந்துகொள்ளத் தேவையில்லை என்பதே என் கருத்து. கேமரா நாள்தோறும் கண்ணில் படும் பொருளாகிவிட்டால், சற்று நேரத்தில் அதை மறந்துவிட்டுக் குழந்தை தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடும். எடுத்தவுடன் திரையைக் காட்டுவதை மட்டும் நான் தவிர்க்கிறேன். காட்டினால் அடுத்த படத்துக்குக் குழந்தை தானாகவே நடிக்கத் தயாராகிவிடும். அன்று மாலை மடியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டுவதில் இருவருக்கும் கூடுதல் மகிழ்ச்சி.

குழந்தை முகத்தை மூடிக்கொண்டாலோ திரும்பிக்கொண்டாலோ கேமராவைக் கீழே வைத்துவிட வேண்டும். பேசத் தெரியாத வயதிலும் அது தெளிவான மறுப்புதான். அழும் முகம், குளிக்கும் வேளை போன்ற படங்களை எடுத்திருந்தாலும் அவை குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும்; வளர்ந்த பிறகு அந்தப் படங்களோடு வாழப்போவது அந்தக் குழந்தைதான். மற்றப் படங்களைப் பிறருக்கு அனுப்பும் முன்பும், எடுத்த இடத்தின் விவரம் கோப்பில் பதிந்திருக்கிறதா என்று பார்த்து நீக்கிவிடுங்கள். கேமரா செயலிக்கு இருப்பிட அனுமதியைத் தராமல் விட்டால் இந்த வேலையும் மிச்சம்.