பால் பிடித்த கதிர்

ஆகஸ்ட் மாதம் அம்மாவும் நானும் நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். நியூயார்க், நயாகரா எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் அம்மா இன்றைக்கும் பேசுவது, பண்ணை ரோட்டோரம் நாங்கள் ஸ்வீட் கார்ன் வாங்கிய சாயங்காலத்தைப் பற்றித்தான்.

பழைய டிரெய்லர் ஒன்றில் அன்று காலை ஒடித்த கதிர்களைக் குவித்து வைத்திருந்தார்கள். ‘உரித்துப் பார்க்க வேண்டாம்’ என்று ஒரு அட்டை. சரிதான், உரித்த கதிர் சீக்கிரம் காய்ந்துவிடும். அம்மாவுக்கு உரிக்க வேண்டியதே இல்லை. தோலோடு நுனியைப் பெருவிரலால் அழுத்தி, முத்து கடைசிவரை கட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். முடி பழுப்பு நிறத்தில் இருந்தாலும் அடியில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டாள். 12 கதிரையும் அவளே பொறுக்கினாள்.

எங்கள் ஊர் பெரம்பலூர்ப் பக்கம். அங்கே மக்காச்சோளம் காய்ந்து, மூட்டையாகி, பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போய்விடும். அதற்கு முன்பே, கார்த்திகை கடைசியில் பால் பிடித்ததும் அப்பா பத்துக் கதிர் ஒடித்து வருவார். சோறு வடித்த அடுப்பின் தணலை இழுத்துவிட்டு, அம்மா அதில் புரட்டிப் புரட்டிச் சுடுவாள். ஒன்றிரண்டு முத்து பட்டென்று வெடிக்கும். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட எலுமிச்சை மூடியால் தேய்த்துக் கையில் கொடுப்பாள். “ஒடிச்ச அன்னைக்கே தின்னுடணும்” என்பாள். ஒடித்த நிமிடத்திலிருந்தே கதிரில் உள்ள சர்க்கரை மாவாக மாறத் தொடங்கிவிடும் என்பதை நான் பின்னாளில்தான் படித்தேன்.

அக்கா, கொதிக்கும் தண்ணீரில் உப்புப் போடாமல் 4 நிமிடம் வேகவைத்து வெண்ணெய் தடவினாள். அம்மா ஒரு கடி கடித்தாள். “ஏண்டி, கரும்பாட்டம் இருக்கே!”

மீதிக் கதிர்களை அவள் விடியும்வரை விட்டுவைக்கவில்லை. ஒவ்வொன்றாக நிறுத்திப் பிடித்து முத்துகளைச் சீவினாள். அப்புறம் கத்தியின் முதுகால் சக்கையை வழித்தாள். வெள்ளையாகப் பால் இறங்கியது. கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, அந்தப் பாலோடு முத்துகளைப் புரட்டி, இறக்கும்போது தேங்காய்த் துருவல் தூவினாள். சக்கைகளை வேகவைத்த தண்ணீர் மறுநாள் ரசத்துக்குப் போனது. அப்படி ஒரு ரசத்தை நான் அதற்குமுன் குடித்ததில்லை.

ராத்திரி ஒன்பதரைக்கு அப்பாவுக்கு வீடியோ கால். ஊரில் காலை ஏழு மணி. அம்மா சீவாமல் எடுத்து வைத்திருந்த கதிரைக் காட்டினாள்.

“எத்தனை வரிசை இருக்கு, எண்ணு” என்றார் அப்பா.

அவள் கதிரைத் திருப்பித் திருப்பி எண்ணினாள். “பதினாறுங்க.”

“நம்ம காட்டுலயும் பதினாறுதான்.”