எர்ணாவூர் இறக்கம்: நாட்குறிப்பு

மே 21

இன்றும் அம்மாவிடம் அதே பேச்சு. தம்பியைக் கீழே தள்ளிய புல்லட்டை விற்றுத் தொலை. தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தாலும் அதைப் பார்க்காமல் குழாயடிக்குப் போக அவளால் முடியவில்லை. நான் பதில் சொல்லவில்லை. காரணம் தெரியாமல் விற்றால், வாங்குகிறவன் வீட்டிலும் ஒருத்தி இப்படி விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மே 22

தம்பியிடம் மறுபடி கேட்டேன். அவனுக்குச் சலிப்பு. ஆனாலும் சொன்னான்.

"எர்ணாவூர் மேம்பாலத்து இறக்கம் அக்கா. அறுபதுக்குக் கொஞ்சம் மேலே வந்துகொண்டிருந்தேன். ஆக்சிலரேட்டரைத் தளர்த்தினேன். கண்ணில் வியர்வை. இடது கையை எடுத்துத் துடைத்தேன். ஹேண்டில் உதற ஆரம்பித்தது. திரும்பப் பிடித்தேன், இன்னும் அதிகமாக உதறியது."

அதற்கு மேல் அவனுக்கு ஞாபகம் இல்லை. பழவேற்காட்டு இறால், பின்னால் ஐஸ் பெட்டி, பெட்டி நிறைய ஐஸ். பின்னால் வந்த கன்டெய்னர் லாரிக்காரர் பிரேக் பிடித்திருக்காவிட்டால்... அந்த மனிதரின் பெயரைக்கூட யாரும் கேட்டு வைக்கவில்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும்.

மே 23

மின்சாரம் இல்லை. கட்டுப்போட்ட தோளோடு அவனால் ஒருக்களித்தும் படுக்க முடியவில்லை. விடியும்வரை விசிறினேன்.

மே 24

இரவெல்லாம் படித்தேன். 1971-இல் ராபின் ஷார்ப் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்திருக்கிறார். இரண்டு சக்கர வண்டி ஆடுவதில் வகைகள் உண்டாம். முழு வண்டியும் மெதுவாகப் பாம்புபோல நெளிவது ஒன்று. முன்சக்கரமும் ஹேண்டிலும் மட்டும் நொடிக்கு ஏறக்குறைய ஆறு முதல் பத்து முறை வரை இடமும் வலமும் அடித்துக்கொள்வது இன்னொன்று. நம் மெக்கானிக்குகள் வாப்ளிங் என்று சொல்வது இதைத்தான். மிதமான வேகத்தில், கை தளர்ந்திருக்கும்போது, வேகம் குறைகிற நேரத்தில் இது எட்டிப் பார்க்கும். பாரம் பின்சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால் தொங்கினால் முன்பக்கம் இலேசாகிவிடும், இன்னும் சுலபமாக வரும்.

ஐஸ் பெட்டி.

படித்ததை அவனிடம் சொல்லவில்லை. முதலில் அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

மே 25

அப்பா இன்றுதான் வண்டியைத் தொட்டார். திருவொற்றியூர் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய புல்லட் அது. வலது காலில் கியர், வார்ப்பிரும்பு என்ஜின். 1955-இல் இங்கிலாந்தின் ரெடிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டோடு கூட்டுச் சேர்ந்து நம் ஊரில் கம்பெனி தொடங்கியதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும். இன்று பேசவில்லை.

என்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கினோம். "கண்ணை மூடிக்கொண்டு ஹேண்டிலை மெதுவாகத் திருப்பு பாப்பா" என்றார். திருப்பினேன். நேராக வரும் இடத்தில் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் விழுந்தது. தாண்டிப் போனால் வழுக்கிக்கொண்டு போகிறது. திரும்பி வந்தால் மீண்டும் அதே இடத்தில் விழுகிறது.

"கோன் செட்" என்றார். ஹேண்டில் கழுத்திலிருக்கும் குண்டு பேரிங்கைத்தான் சொல்கிறார். அவ்வளவுதான். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மே 27

மெக்கானிக் மேஸ்திரி கோன் செட்டைக் கழற்றினார். பழைய கிரீஸ் தார்போல இறுகியிருந்தது. கீழ்க் கிண்ணத்தை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். குண்டுகள் உட்கார்ந்த இடங்களில் வரிசையாகச் சிறு குழிகள். ஒவ்வொன்றும் கண்ணாடிபோலப் பளபளக்கிறது, சுற்றிலும் சாம்பல் நிறம். நகத்தை வைத்து இழுத்தால் ஒவ்வொரு குழியிலும் தடுக்குகிறது. எண்ணூர் விரைவுச் சாலையின் பள்ளங்களெல்லாம் இங்கே வந்து பதிந்திருக்கின்றன.

குண்டுகளுக்குப் பதிலாக டேப்பர் ரோலர் பேரிங் போடச் சொன்னேன். குண்டு புள்ளியில் தாங்குகிறது, ரோலர் கோட்டில் தாங்குகிறது. சுமை பரவும், சீக்கிரம் குழி விழாது. மேஸ்திரி நட்டை இறுக்கி, பின் கொஞ்சம் தளர்த்தி, ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்து, மறுபடி ஒரு இழை இறுக்கினார். அவசரமே படாதவர். எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

மே 28

கத்திரி முடிந்துவிட்டதாம்.

மே 30

பின்பக்கம். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்து, சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் கைக்கே தெரிகிற ஆட்டம். மாற்றியாயிற்று. இரு சக்கரங்களும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று நூல் பிடித்தோம். பின்சக்கரம் கொஞ்சம் கோணலாக இருந்தது, செயின் பக்கத்து அட்ஜஸ்டரில் சரிசெய்தோம். ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டி ஓசை கேட்டார் அப்பா. மந்தமாக ஒலித்தவற்றை இறுக்கினார். முன் டயர் அலை அலையாகத் தேய்ந்திருக்கிறது. புது டயர் சொல்லியிருக்கிறேன்.

பெட்டி வைக்கும் கேரியரை நானே கழற்றினேன். பாரம் இனி இருபுறமும், தாழ்வாக, அச்சுக்கு முன்னால்தான். தம்பி முணுமுணுத்தான், "இறால் பெட்டி பக்கவாட்டில் நிற்காது அக்கா." நிற்கும்படி செய்வோம் என்றேன்.

ஜூன் 1

அப்பாவோடு சண்டை.

ஹேண்டிலின் உதறலை அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் வேண்டும் என்கிறேன் நான். அவர் வேண்டாம் என்கிறார். "அது நோயை மறைக்கும். கோன் செட் போனாலும் தெரியாது, டயர் போனாலும் தெரியாது. ஒருநாள் மொத்தமாகக் காட்டும்." சரிதான். அதனால்தானே எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும்வரை அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை! இப்போது நோய் எதுவும் பாக்கி இல்லை. சாலை மட்டும்தான் பாக்கி. அந்தச் சாலையை நான் சரிசெய்ய முடியாது. லாரிகள் அரைத்துவைத்த தார், மழைக்கு மழை புதுப் பள்ளம். வியர்வை வழிந்தால் அவன் மறுபடியும் கையை எடுப்பான். எடுக்கத்தான் செய்வான், மனிதன்தானே.

அம்மா குறுக்கே வந்தாள். "இவ்வளவு செலவழித்து அவனை மறுபடியும் அதே வண்டியில் ஏற்றப் போகிறாயா?"

இரவு அப்பாவே வந்து பேசினார். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் ஹேண்டிலுக்கு நடுவே ஒரு திருகுக் குமிழ் இருக்குமாம். திருகினால் உள்ளே உராய்வுத் தட்டுகள் இறுகும். சைடுகார் பூட்டியவர்கள் அதை முறுக்கித்தான் ஓட்டினார்கள். "புதுசு ஒன்றும் இல்லை, வாங்கிக்கொள்" என்றார்.

ஜூன் 3

ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. கடைக்குக் கடை டேம்பர் தொங்குகிறது. தங்க நிறம், நீல நிறம், பாதி வெறும் அலங்காரம். தண்டைக் கையால் இழுத்துப் பார்த்தே வாங்கினேன். உள்ளே எண்ணெய், எண்ணெயில் நகரும் பிஸ்டன், எண்ணெய் புகுந்து போக ஒரு சிறு வழி. மெதுவாக இழுத்தால் விட்டுக்கொடுக்கிறது. வெடுக்கென்று இழுத்தால் முறைத்துக்கொண்டு நிற்கிறது. சாதாரணமாக வளைத்துத் திருப்பும்போது தடுக்கக் கூடாது, உதறும்போது மட்டும் தடுக்க வேண்டும். அந்த இரண்டும் இதில் இருக்கின்றன. சில கடைகளில் கொடுத்த உருளைகளில் எப்படி இழுத்தாலும் ஒரே இழுவைதான், எண்ணெய் இருக்கிறதா என்பதே சந்தேகம்.

நான்காயிரத்துக்கு மேல். நகைச்சீட்டுப் பணம்.

ஜூன் 5

பொருந்தவில்லை. கூடவே வந்த கிளாம்ப் ஃபோர்க் குழாயைப் பிடிப்பதற்கானது. புல்லட்டில் மேலே இருப்பது வெறும் தகரக் கவசம், பிடித்தால் நசுங்கும். கீழே இருக்கும் குழாயோ மேலும் கீழும் ஏறி இறங்குகிறது, அதில் மாட்டினால் முதல் பள்ளத்திலேயே தண்டு வளைந்துவிடும். இரண்டு ஃபோர்க்கையும் சேர்த்துப் பிடிக்கும் கீழ்த் தாங்கியில்தான் மாட்ட வேண்டும். அதற்குத் தனி பிராக்கெட் செய்யணும் என்று மேஸ்திரி அட்டையில் வெட்டி அளவு எடுத்துக் கொடுத்தார்.

ஜூன் 6

லேத் பட்டறை பூட்டிக் கிடக்கிறது.

ஜூன் 8

மாட்டியாயிற்று. ஒரு முனை கீழ்த் தாங்கியில் புது பிராக்கெட்டில், மறுமுனை சட்டத்தின் முன்குழாயில். பெயின்ட் உரியாமலிருக்கக் கிளாம்ப்புக்கு அடியில் சைக்கிள் டியூப்.

இதில் எல்லாரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு, அப்பா அங்கேதான் வெகுநேரம் நின்றார். ஹேண்டிலை இடது கடைசிவரை ஒடித்தபோது தண்டு முழுதாக உள்ளே போய்விடக் கூடாது. வலது கடைசிவரை ஒடித்தபோது முழுதாக வெளியே வந்துவிடக் கூடாது. இரு பக்கமும் சில மில்லிமீட்டராவது மிச்சம் வேண்டும். இல்லையென்றால் ஹேண்டிலை நிறுத்துவது வண்டியின் தடுப்பு அல்ல, டேம்பராகிவிடும். அது உடையும், அல்லது பாதித் திருப்பத்தில் ஹேண்டில் பூட்டிக்கொள்ளும். இடப்பக்கம் மிச்சமே இல்லை. கிளாம்ப்பை முன்குழாயில் விரலளவு கீழே இறக்கினோம். மறுபடி ஒடித்தோம். இப்போது இருபுறமும் மிச்சம் இருக்கிறது. கிளட்ச் ஒயர் எங்கும் உரசவில்லை.

தம்பி வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூன் 9

விடியற்காலையில் நான்தான் ஓட்டினேன். டேம்பரின் குமிழை நன்றாக இறுக்கி வைத்திருந்தேன், பயம். தேரடிக்குள்ளேயே தெரிந்துவிட்டது. ஆட்டோக்களுக்கு நடுவில் நடைவேகத்தில் போகும்போது வண்டி தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ள முடியாமல் இப்படியும் அப்படியும் சாய்கிறது. ஷார்ப்பின் கணக்கும் அதைத்தான் சொல்கிறது: ஹேண்டிலின் உதறலை அடக்கும் அதே இறுக்கம் முழு வண்டியின் நெளிவைக் கூட்டும். இறுக்கினால் பாதுகாப்பு என்ற எண்ணமே தப்பு. தளர்த்தினேன்.

இருபுறமும் தண்ணீர் கேன் கட்டி எர்ணாவூர் மேம்பாலத்தில் ஏறினேன். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, இரு கையும் பிடியில் வைத்தபடி ஹேண்டிலின் ஓரத்தை உள்ளங்கையால் மெல்லத் தட்டினேன். ஒருமுறை அசைந்தது. நின்றுவிட்டது. நின்றேவிட்டது! ஹெல்மெட்டுக்குள் சத்தம்போட்டு அழுதேன்.

ஜூன் 11

பழைய வண்டி வாங்குகிறவர் வந்தார். அம்மா வரச்சொன்னாளாம். அப்பா விலையே கேட்காமல் டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஜூன் 12

அம்மா என்னோடு பேசவில்லை.

ஜூன் 14

இன்று நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள். காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறார்களாம், தம்பிக்குக் கைபேசி ஓயவில்லை. ஹோட்டல்காரர்கள் கேட்கிறார்கள். எக்ஸ்ரே திங்கட்கிழமைதான். காறை எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் வாயால் சொல்லும்வரை சாவி என்னிடம். கெஞ்சினான். கொடுக்கவில்லை.

ஜூன் 15

ஓட்டிய பிறகு கிளாம்ப் போல்ட்டுகளை மறுபடி பார்க்கச் சொல்லியிருந்தார் மேஸ்திரி. ஒன்று கால் சுற்று ஏறியது. மற்றவை உறுதி. ஆனால் டேம்பர் தண்டில் மெல்லிய எண்ணெய்ப் படலம். பூட்டும்போது தடவிய எண்ணெயா, சீல் கசிகிறதா? துணியால் சுத்தமாகத் துடைத்து, ஹேண்டிலை ஒடித்து ஒடித்துப் பார்த்தேன். வறண்டுதான் இருக்கிறது. எதற்கும் காலையில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.