ஒட்டாத அம்புக்குறி

"அண்ணா, பரிசோதனைக்குத் தெரிவான கொள்கலனையும் நேரே வாயிலுக்குக் கொண்டுபோகலாமா?"

துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் வேலைகளைக் கவனிக்கப் புதிதாகச் சேர்ந்த வார்ஃப் கிளார்க் ஒருவர் திரையைக் காட்டிக் கேட்டார். கொழும்பு கோட்டையில், சரக்குகளைச் சுங்கத்தில் இருந்து விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் நிறுவனத்தில் பயிற்சி வகுப்புகள் அப்போது என் பொறுப்பு. சுங்கப் பிரகடனம் தாக்கல் செய்வது முதல் துறைமுக வாயிலைக் கடப்பது வரையிலான பாதையைப் பவர்பொயின்டில் வரைந்து வைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தேன். பரிசோதனைப் பெட்டியில் முடிய வேண்டிய அம்பு, 'வாயில்' என்ற பெட்டியில் போய் நின்றது. "இல்லைத் தம்பி, படம் பிழை" என்றேன். அவர் கேட்டிராவிட்டால் அதை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போயிருப்பார். அந்த நினைப்பு அன்று மாலை வெள்ளவத்தைக்குப் போன 100ஆம் இலக்க பஸ்ஸிலும் என்னை விடவில்லை.

மறுநாள் காலை காரணம் பிடிபட்டது. முதலில் ஆங்கிலத்தில் வரைந்த படம் அது. தமிழை இட்டதும் சொற்கள் நீண்டன. எழுத்துக்கு ஏற்பப் பெட்டி பெரிதாகும் அமைப்பு இயங்கியதால் பெட்டிகள் வீங்கின. இடம் காணாமல் அவற்றை நகர்த்தினேன். பெட்டியில் ஒட்டியிருந்த அம்புகள் கூடவே வந்தன. ஒட்டாதவை பழைய இடத்திலேயே நின்றன. நான் நகர்த்திய வாயில் பெட்டி, அப்படி நின்ற ஓர் அம்பின் நுனிக்குக் கீழே வந்துவிட்டது.

ஒட்டியதும் ஒட்டாததும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் கொடுமை. அம்பைச் சொடுக்கி நுனியைப் பார்க்க வேண்டும். பவர்பொயின்ட் 2013 முதல், ஒட்டியிருந்தால் நுனிப் புள்ளி பச்சை, இல்லையென்றால் வெள்ளை. 2010 பதிப்பில் ஒட்டிய நுனி சிவப்பாக இருந்தது. என் படத்தில் இருந்த 31 அம்புகளில் 9 வெள்ளையாக இருந்தன. பெரும்பாலானவை, பெட்டியை விட்டுவிட்டு அம்புக் கோட்டை மட்டும் நகலெடுத்து ஒட்டியதால் வந்த வினை. தனியே நகலெடுத்த கோட்டோடு அதன் பிணைப்பு வருவதில்லை.

எல்லாவற்றையும் ஒரே அடியில் சரிசெய்யலாம் என்று, இணைப்புகளை மறுபடி வழிப்படுத்தும் கட்டளையைக் கொடுத்தேன். அது ஒட்டிய அம்புகளை மட்டுமே கவனித்தது. அவற்றுக்கும் மிகக் குறுகிய வழியைத் தேடியது. வைரவடிவப் பெட்டியின் வலப்புறத்தில் இருந்து கிளம்பிய 'ஆம்' அம்பு கீழ்ப்பக்கத்துக்குத் தாவியது. 'ஆம்' என்ற எழுத்து தனிப்பெட்டி ஆதலால் பழைய இடத்திலேயே தொங்கியது. உடனே கன்ட்ரோல் இசட் அழுத்தி மீட்டுவிட்டு, ஒவ்வொரு நுனியையும் கையால் இழுத்துப் புள்ளியில் பொருத்தினேன். முக்கால் மணி நேரம் பிடித்தது. அதில் எனக்கு வருத்தமே இல்லை.

இன்னொரு தொல்லை மிச்சமிருந்தது. சிங்களப் பிரதியைப் பார்க்கும் அக்காவின் கணினியில் தமிழ்ப் பக்கங்கள் முழுவதும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி எழுத்துருவில் நான் தட்டச்சு செய்திருந்தேன். அந்த எழுத்துரு அவரிடம் இல்லை. யூனிகோடுக்கு மாற்றி, விண்டோஸ் 8இல் இருந்து கூடவே வரும் நிர்மலா யுஐ எழுத்துருவைப் போட்டேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் அதில் அடங்கும். எழுத்தின் அகலம் மாறியதால் பெட்டிகள் மறுபடியும் வீங்கின, மறுபடியும் நகர்த்தினேன். இந்த முறை 31 அம்புகளும் கூட வந்தன.

அடுத்த வகுப்புக்கு முன், ஒவ்வொரு பெட்டியையும் பிடித்துச் சற்று இழுத்துப் பார்த்துவிட்டுப் பழைய இடத்துக்கு மீட்டேன். கேள்வி கேட்ட தம்பி அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பரிசோதனைப் பெட்டிக்குப் போகும் அம்பை அவரிடமே காட்டி, அங்கிருந்து கொள்கலன் எங்கே போகும் என்று கேட்டுப் பாடத்தைத் தொடங்கினேன்.